முன் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓடும் கார்: அடாப்டிவ் க்ரூஸ் கண்ட்ரோல் பற்றி

சென்ற ஐப்பசியில் அக்கா மகன் புதுக் கார் எடுத்தான். ரத்தினகிரியில் பூஜை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, நேராகச் சத்துவாச்சாரியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். "மாமா, இதில் அடாஸ் இருக்கிறது. பைபாஸ் ஏறிவிட்டால் கால் வைக்க வேண்டாம், கை வைக்க வேண்டாம், அதுவே ஓட்டிக்கொண்டு போய்விடும்" என்றான்.

ஒன்பதாவது வாரம் மறுபடியும் வந்தான். இந்த முறை முகம் சரியில்லை. "ஏமாற்றிவிட்டார்கள் மாமா. ஆம்பூர் தாண்டி ஒரு பைக் குறுக்கே நுழைந்ததும் நடுரோட்டில் பிரேக் போட்டுவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரன் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. சரி, பயந்த சுபாவம் போலிருக்கிறது என்று விட்டேன். அன்று மாலையே ஓரத் தடத்தில் பழுதாகி நின்ற ஒரு பெரிய லாரியைப் பார்த்து ஒன்றுமே செய்யவில்லை. நான்தான் மிதித்தேன். பைக் தெரிகிறது, லாரி தெரியவில்லை. இது என்ன கண்?"

ஷோரூமில் சோதித்துப் பார்த்து எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அவர்கள் சொன்னது உண்மைதான். ஏன் உண்மை என்று யாரும் அவனுக்கு விளக்கவில்லை. பைக்கைக் கண்டு மிரண்டதும் லாரியைக் கண்டுகொள்ளாததும் ஒரே காரணத்தால் வருபவை. அந்தக் காரணம் பிடிபட்டுவிட்டால், இந்த வசதியை எங்கே நம்பலாம், எங்கே அணைத்துவிட வேண்டும் என்பது தானாக விளங்கும்.

அடாஸ் என்ற கூடை

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். அடாஸ் என்பது ஒரு கருவியின் பெயர் இல்லை. ஓட்டுநருக்கு உதவும் பல வசதிகளை ஒரே கூடையில் போட்டு வைத்த பெயர். முன் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பது ஒன்று, தடக் கோட்டுக்குள் காரை வைத்திருப்பது ஒன்று, மோதப்போகும் கடைசி நொடியில் பிரேக் போடுவது இன்னொன்று. பக்கவாட்டில் கண்ணாடிக்குத் தெரியாத இடத்தில் வண்டி வந்தால் விளக்கு எரிவதும், பின்னோக்கி எடுக்கும்போது குறுக்கே வருவதைச் சொல்வதும் இதே கூடையில்தான் இருக்கின்றன. காந்தி ரோட்டில் காரை நிறுத்திவிட்டுப் பின்னால் எடுத்துப் பார்த்தவர்களுக்குக் கடைசியாகச் சொன்னதன் அருமை தெரியும்; அதில் புரியாதது எதுவும் இல்லை என்பதால் இத்துடன் விடுகிறேன்.

இந்தியாவில் நடுத்தரக் குடும்பங்கள் யோசிக்கிற விலையில் இந்தக் கூடை இறங்கி வந்தது 2021ஆம் ஆண்டையொட்டித்தான். மஹிந்திரா எக்ஸ்யூவி 700, எம்ஜி ஆஸ்டர் ஆகிய கார்கள் அந்த ஆண்டு வந்தன. பிறகு எல்லாருடைய விளம்பரத்திலும் அந்தச் சொல் ஏறிக்கொண்டது. விளம்பரத்தில் கூடையைக் காட்டுவார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்ட மாட்டார்கள்.

கண் இல்லாத பழைய க்ரூஸ்

அடாப்டிவ் க்ரூஸுக்கு ஒரு மூத்த அண்ணன் உண்டு, சாதாரண க்ரூஸ் கண்ட்ரோல். 80 என்று வேகத்தை வைத்துவிட்டால் மேட்டில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட்டி, இறக்கத்தில் குறைத்து, 80ஐ விடாமல் பிடித்துக்கொள்ளும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் பந்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் இறங்கினால் பந்து இறங்கி வால்வு திறக்கும், நிரம்பினால் பந்து ஏறி வால்வு மூடும். பந்துக்குத் தெரிந்தது நீர்மட்டம் ஒன்றுதான். கீழ் வீட்டில் யாராவது குளிக்கிறார்களா, ஊரில் தண்ணீர்ப் பஞ்சமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இதைக் கண்டுபிடித்தவர் ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர். சிறு வயதிலேயே ஒரு விபத்தில் இரு கண் பார்வையையும் இழந்தவர். பேசும்போது வேகத்தைக் குறைப்பதும், கேட்கும்போது கூட்டுவதுமாகத் தன் வழக்கறிஞர் ஓட்டிய காரில் குலுங்கிக்கொண்டு போன எரிச்சலில்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். 1950இல் காப்புரிமை கிடைத்தது. 1958இல் கிரைஸ்லர் நிறுவனத்தின் இம்பீரியல் போன்ற கார்களில் விற்பனைக்கு வந்தது. கண் தெரியாதவர் செய்த அந்தக் கருவிக்கும் கண் கிடையாது. முன்னால் எருமை நின்றாலும் 80தான், சுவர் நின்றாலும் 80தான். நம் ஊர்ச் சாலையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பல கார்களில் அந்தப் பொத்தான் தொடப்படாமலே கிடந்ததில் வியப்பில்லை.

மாட்டு வண்டி வரிசை

என் தாத்தா காலத்தில் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வேலூர் மண்டிக்கு வெல்லம் இரவில்தான் போகும். ஐந்தாறு வண்டி வரிசையாகக் கிளம்பும். முதல் வண்டிக்காரர் மட்டும் விழித்திருப்பார். வண்டிக்கு அடியில் அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டிருக்கும். பின்னால் வரும் வண்டிக்காரர்கள் வைக்கோலை விரித்துப் படுத்துத் தூங்கிவிடுவார்கள். மாடுகள் முன் வண்டியின் பின்பலகையைப் பார்த்துக்கொண்டே நடக்கும். முன் வண்டி மெதுவாகப் போனால் மெதுவாக, நின்றால் நின்று, நகர்ந்தால் நகர்ந்து.

அடாப்டிவ் க்ரூஸ் கண்ட்ரோல் என்பது அந்த மாடுதான். இனி ஏசிசி என்று சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் ஒரு வேகத்தை வைக்கிறீர்கள். முன்னால் யாரும் இல்லாவிட்டால் அந்த வேகத்தில் போகும், மூத்த அண்ணனைப் போலவே. முன்னால் மெதுவாகப் போகும் வண்டி ஒன்று அகப்பட்டால், உங்கள் வேகத்தை மறந்துவிட்டு அதன் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். அது விலகிவிட்டால் மறுபடியும் நீங்கள் வைத்த வேகத்துக்கு ஏறும். 1995இல் மிட்சுபிஷி டயமன்டே காரில் லேசர் ஒளியைக் கொண்டு இதைச் செய்து பார்த்தார்கள். 1999இல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் காரில் ரேடாருடன் வந்தது. இன்று நம் கார்களில் இருப்பது பெரும்பாலும் அந்தக் குடும்பத்துப் பிள்ளை.

மாட்டுக்கு வேலூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது, முன் வண்டியின் பலகை தெரியும். ஏசிசிக்கும் அவ்வளவுதான். நியாயமாகப் பார்த்தால் மாட்டுக்குக் கூடுதலாக ஒன்று தெரியும்: சாலையில் பள்ளம் இருந்தால் விலகி நடக்கும்.

எவ்வளவு தூரம் விட்டுப் போகும்?

ஏசிசி இடைவெளியை மீட்டரில் கணக்கு வைப்பதில்லை, நொடியில் வைக்கிறது. முன் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியபின் எத்தனை நொடி கழித்து நீங்கள் அதே கம்பத்தைத் தாண்டுகிறீர்களோ, அதுதான் கால இடைவெளி. ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தானை அழுத்தினால் திரையில் இரண்டு கோடு, மூன்று கோடு, நான்கு கோடு என்று மாறுமே, அது இதைத்தான் மாற்றுகிறது.

நொடியில் அளப்பதற்குக் காரணம் உண்டு. மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 11 மீட்டர். இரண்டு நொடி என்றால் 22 மீட்டர். 80இல் நொடிக்கு 22 மீட்டர், ஆகவே இடைவெளி 44 மீட்டர். 100இல் ஏறத்தாழ 56 மீட்டர். வேகம் கூடக்கூட இடைவெளி தானே நீள்கிறது. நாம் ஓட்டும்போது இதைச் செய்வதே இல்லை. 40இல் விட்ட அதே இடைவெளியை 100லும் விட்டுக்கொண்டு, நமக்குக் கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

காட்பாடி ரயிலும் ரேடாரும்

காரின் முன்புறத்தில், சின்னத்துக்குப் பின்னாலோ பம்பரின் கீழ்ப்பகுதியிலோ, உள்ளங்கை அகலத்தில் வழவழப்பான கறுப்புத் தகடு ஒன்று இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கிறது ரேடார், அதாவது வானொலி அலையை அனுப்பி அதன் எதிரொலியைக் கேட்கும் கருவி. அலை முன் வண்டியில் பட்டுத் திரும்புகிறது. போய்வர ஆன நேரத்தைக் கொண்டு தூரம் கிடைக்கிறது. 50 மீட்டர் தள்ளி ஒரு வண்டி இருந்தால், ஒரு நொடியை முப்பது இலட்சம் துண்டாக வெட்டினால் வருமே, அதில் ஒரு துண்டு நேரத்தில் எதிரொலி வந்துவிடும்.

தூரத்தைவிட அதற்கு முக்கியம் வேகம். காட்பாடி ஜங்ஷனில் நிற்காமல் போகும் ரயிலைக் கேட்டிருப்பீர்கள். நம்மை நோக்கி வரும்வரை ஹாரன் கிறீச்சென்று இருக்கும். நடைமேடையைத் தாண்டிய நொடியில் சட்டென்று தாழ்ந்து கனத்த ஒலியாகிவிடும். ரயில் ஓட்டுநர் ஹாரனை மாற்றவில்லை. நெருங்கி வரும் ஒலியின் அலைகள் நெருக்கப்படுகின்றன, விலகிப் போவதன் அலைகள் இழுபடுகின்றன. இதற்கு டாப்ளர் விளைவு என்று பெயர். ரேடார் அலையின் எதிரொலியிலும் இதே நெருக்கமும் இழுப்பும் உண்டு. எனவே முன்னால் இருப்பது நம்மை நெருங்குகிறதா, விலகுகிறதா, என்ன வேகத்தில் என்பதை ரேடார் ஒரே அடியில் அறிந்துகொள்கிறது. மழையோ மார்கழிப் பனியோ அதற்குப் பெரிய பொருட்டில்லை.

ஆக, ரேடார் தருவது இரண்டு செய்தி: எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில் நெருங்குகிறது. ஏசிசி அதைக் கால இடைவெளியோடு ஒப்பிட்டு, ஆக்சிலேட்டரையோ பிரேக்கையோ இலேசாக இயக்குகிறது. இலேசாக என்பதை நினைவில் வையுங்கள். நீங்கள் எழுந்து நின்று மிதிப்பதைப்போல அது ஒருபோதும் மிதிக்காது. பயணிகள் குலுங்காமல் போவதற்காக ஓர் எல்லைக்குள்தான் பிரேக் போடும்.

நின்ற லாரி ஏன் தெரியவில்லை

இப்போது அக்கா மகனின் புகாருக்கு வருவோம்.

நீங்கள் 80இல் போகிறீர்கள். ரேடாருக்கு எதிரொலி முன் வண்டியிலிருந்து மட்டும் வருவதில்லை. நடுத்தடுப்பின் இரும்புப் பட்டை, மேம்பாலத்தின் அடிப்பகுதி, "வாணியம்பாடி" என்று எழுதித் தலைக்கு மேல் தொங்கும் பச்சைப் பலகை, விளக்குக் கம்பம் எல்லாம் பதில் சொல்கின்றன. இவை எல்லாமே நின்றுகொண்டிருப்பவை. ஆகவே காரிலிருந்து பார்த்தால் அத்தனையும் 80 கிலோமீட்டர் வேகத்தில் காரை நோக்கிப் பாய்ந்து வருகின்றன.

இத்தகைய ரேடாருக்கு உயரத்தைப் பிரித்துப் பார்க்கும் திறன் குறைவு. தலைக்கு மேலே தொங்கும் பலகையும் தரையில் நிற்கும் லாரியும் அதற்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஒவ்வொன்றுக்கும் பயந்து பிரேக் போட்டால் ஒவ்வொரு மேம்பாலத்தின் கீழும் கார் முட்டி நிற்கும், பின்னால் வருபவன் வந்து இடிப்பான். எனவே வடிவமைத்தவர்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். என் வேகம் எவ்வளவோ அதே வேகத்தில் நெருங்கி வருகிற பொருள் என்றால் அது தரையோடு நிற்கும் பொருள், பெரும்பாலும் சாலையின் அங்கம், அதை ஒதுக்கு.

பழுதாகி நின்ற லாரி அந்த ஒதுக்கலில்தான் அகப்பட்டது. அது லாரி என்பதை ஏசிசி பார்த்து அலட்சியம் செய்யவில்லை. விளக்குக் கம்பத்தோடு சேர்த்துக் கழித்துவிட்டது. பைக் அப்படி இல்லை. அது 60இல் ஓடிக்கொண்டிருந்தது, கார் அதை 20 வேகத்தில் நெருங்கியது. தரையின் வேகத்திலிருந்து வேறுபட்ட எதிரொலி வந்தவுடன் "இது வண்டி" என்று பிடித்துக்கொண்டது. அளவில் பெரியது சிறியது என்பது இங்கே கணக்கே இல்லை. நகர்கிறதா என்பதுதான் கணக்கு.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உங்கள் முன்னால் ஓடிக்கொண்டிருந்து, ஏசிசி பிடித்துக்கொண்ட பிறகு நின்ற லாரியை அது விடாது, கூடவே நிற்கும். ஆபத்து வருவது இப்படி: உங்களுக்கும் நின்ற லாரிக்கும் நடுவே ஒரு கார் போகிறது. உங்கள் ஏசிசி அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கார்க்காரர் கடைசி நேரத்தில் லாரியைப் பார்த்துச் சட்டென்று விலகுகிறார். மாடு பின்தொடர்ந்த வண்டி மறைந்துவிட்டது. முன்னால் வெறும் சாலை என்று நினைத்து ஏசிசி வேகத்தைக் கூட்டவும் கூடும். புதிய கார்களில் ரேடாரோடு கேமராவும் சேர்ந்து பார்ப்பதால் நின்ற வண்டியைக் கண்டுகொள்ளும் வாய்ப்பு முன்பைவிட அதிகம். அப்படியும் கையேட்டில் நின்ற வண்டிகளுக்குச் செயல்படாமல் போகலாம் என்ற எச்சரிக்கை இருக்கும். சாலையோர உணவகங்களுக்கு முன்னால் லாரிகள் பாதி சாலையில் நிற்கும் ஊரில், அந்த எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கலாம்.

குறுக்கே நுழைபவர்கள்

பைக் நுழைந்ததும் பிரேக் விழுந்தது ஏன் என்பது இப்போது எளிது. 44 மீட்டர் இடைவெளி வைத்துப் போன காருக்கு முன்னால் 12 மீட்டரில் புதிதாக ஒருவர் முளைத்தார். ஏசிசிக்கு அவர் இனி முன் வண்டி. 44 மீட்டரை மீட்க வேண்டும், பிரேக்தான் வழி. நாமாக இருந்தால் அவர் அடுத்த நொடி ஓரத்துக்குப் போய்விடுவார் என்று ஊகித்துக் காலை மட்டும் எடுத்திருப்போம். மனிதர்களின் எண்ணத்தை ஊகிப்பது அதற்குத் தெரியாது.

இதற்காக இடைவெளியை மிகக் குறைந்த கோட்டில் வைக்கச் சொல்லிப் பலர் அறிவுரை தருகிறார்கள். பெரிய இடைவெளி விட்டால் எல்லாரும் நுழைகிறார்களாம், ஊர் போய்ச் சேர முடியாதாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் நுழைந்தால், அவருக்குப் பின்னால் மறுபடி இரண்டு நொடி இடைவெளி விட வேண்டும். இழப்பு ஏறத்தாழ இரண்டு நொடி. வேலூரிலிருந்து சென்னை போவதற்குள் முப்பது பேர் நுழைந்தாலும் இழப்பது ஒரு நிமிடம். நான் எப்போதும் நீளமான கோட்டில்தான் வைக்கிறேன். நுழைபவர்கள் நுழையட்டும்.

டோல்கேட், வளைவு, மறந்துபோன 90

ஒரு டோல்கேட்டில் நடந்ததைச் சொல்கிறேன், குற்றம் முழுக்க என்னுடையது. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு வேன். ஏசிசியை அணைக்காமல் விட்டிருந்தேன். வேன் நின்றால் நின்று, நகர்ந்தால் நகர்ந்து கார் சமர்த்தாக வந்துகொண்டிருந்தது. நானும் பர்ஸில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். வேனின் ஃபாஸ்டேக் படிக்கப்பட்டது, தடுப்புக் கம்பி உயர்ந்தது, வேன் கிளம்பியது. என் காரும் அதன் பின்னால் கிளம்பியது. கம்பி கீழே இறங்கத் தொடங்கியது. கார் கம்பியைப் பார்க்கவில்லை, வேனைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து மிதித்தபோது கம்பிக்கும் பானெட்டுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. சாவடிக்குள் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "தூங்கிவிட்டீர்களா சார்?" என்று கேட்டார். தாத்தாவின் வண்டிக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ஆபத்து, காரின் நினைவில் நிற்கும் வேகம். பைபாஸில் 90 வைத்தீர்கள். பிறகு ஒரு பஸ்ஸின் பின்னால் 40இல் ஊர்ந்து, அப்படியே கிரீன் சர்க்கிள் பக்கம் இறங்கும் சர்வீஸ் ரோட்டுக்கு வந்துவிட்டீர்கள். பஸ் ஒதுங்கி நிற்கிறது. ஏசிசிக்கு இன்னும் 90 என்ற கட்டளைதான் நிலுவையில் இருக்கிறது; முன்னால் காலி, ஏறு. ஆகவே நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் முன் பிரேக்கை ஒருமுறை தொட்டுவிடுங்கள். பிரேக்கைத் தொட்டால் ஏசிசி விலகிக்கொள்ளும். ஆக்சிலேட்டரை மிதித்தால் விலகாது. ஆனால் மிதித்துக்கொண்டிருக்கும்வரை அது பிரேக் போடவும் செய்யாது. இந்த இரண்டாவது விதி தெரியாமல் பாதத்தை ஆக்சிலேட்டர் மேல் சும்மா வைத்துக்கொண்டு ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

வளைவிலும் கவனம் வேண்டும். ரேடார் கிட்டத்தட்ட நேராகப் பார்ப்பது. அமிர்தி தாண்டி ஜவ்வாது மலை ஏறும் பாதையில் முன் வண்டி ஒவ்வொரு திருப்பத்திலும் அதன் பார்வையிலிருந்து நழுவும். நழுவியதும் சாலை காலி என்று நினைத்து வேகம் எடுக்கும். மலைப்பாதையில் இதைப் போடவே கூடாது. கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலை போகும் சாலையிலும் நான் போடுவதில்லை. எதிரே முந்திக்கொண்டு வருபவர்களைப் பற்றி ஏசிசிக்கு ஒரு கருத்தும் கிடையாது.

கோடு பார்க்கும் கேமரா

முன் கண்ணாடியின் உச்சியில், உள்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா இருக்கிறது. சாலையில் வரைந்த வெள்ளைக் கோடுகளைப் படித்து, கார் கோட்டைத் தாண்டப் போனால் ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பும். இதற்குத் தடம் காக்கும் உதவி என்று பெயர். கோடு இருந்தால்தான் இது உண்டு. பழைய கோடு பாதி அழிந்து, புதுக் கோடு அதன்மேல் சாய்வாக ஓடி, தார் ஒட்டுப்போட்ட கறுப்புத் தடமும் ஒரு கோடாகத் தெரிகிற இடங்களில் கேமரா எதை நம்பும்?

ஸ்டீயரிங் தன்னோடு மல்லுக்கட்டுகிறது என்பது பலரின் புகார். பெரும்பாலும் காரணம் இண்டிகேட்டர். இண்டிகேட்டர் போட்டுவிட்டுத் தடம் மாறினால் கார் வழிவிடும். போடாமல் மாறினால், நீங்கள் கண் அயர்ந்துவிட்டதாக நினைத்து இழுக்கும். சண்டையில் நியாயம் காரின் பக்கம். மாட்டுக்கு ஒதுங்கும்போதும் இழுக்கத்தான் செய்யும். கொஞ்சம் அழுத்தித் திருப்பினால் உங்கள் பேச்சைக் கேட்கும்.

நம் கண் கூசும் இடத்தில் கேமராவின் கண்ணும் கூசும். சென்னையிலிருந்து மேற்கே வரும்போது வாலாஜாபேட்டையை மாலை ஐந்தரைக்குத் தாண்டிப் பாருங்கள், சூரியன் நேர் எதிரே இறங்கிக்கொண்டிருக்கும். கனத்த மழையிலும் அதற்கு ஒன்றும் தெரியாது. சித்திரை வெயிலில் கோட்டை வாசலில் மூன்று மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால், கேமரா சூடாகி, ஆறும்வரை வேலை செய்யாது என்று திரையில் சொல்லும் கார்களும் உண்டு. வேலூர் வெயிலைப் பற்றி நமக்குத் தெரியாததா?

கடைசி நொடி பிரேக்

தானியங்கி அவசர பிரேக்கையும் ஏசிசியையும் ஒன்றாகப் பேசுகிறார்கள். இரண்டும் வேறு. ஏசிசி நீங்கள் போட்டால்தான் வேலை செய்யும், மென்மையாகப் பிரேக் போடும். அவசர பிரேக் எப்போதும் விழித்திருக்கும். மோதல் உறுதி என்று தோன்றும் கணத்தில் முழு வலிமையோடு போடும். மோதலை எப்போதும் தவிர்த்துவிடும் என்று பொருள் இல்லை. வேகம் அதிகமாக இருந்தால் அடியின் வலிமையைக் குறைப்பதோடு நின்றுவிடலாம். நகருக்குள் அது தேவையில்லாமல் கத்துகிறது என்று சிலர் நிரந்தரமாக அணைத்துவிடுகிறார்கள். தடம் காக்கும் உதவியை ஊருக்குள் அணையுங்கள், ஆட்சேபம் இல்லை. இதை அணைக்காதீர்கள்.

இரண்டாம் நிலை என்றால் என்ன

அமெரிக்காவின் எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பு 2014இல் பூஜ்யம் முதல் ஐந்துவரை நிலைகளை வகுத்தது. வேகத்தையோ ஸ்டீயரிங்கையோ ஏதாவது ஒன்றைக் கார் கவனித்தால் முதல் நிலை. இரண்டையும் சேர்த்துக் கவனித்தால் இரண்டாம் நிலை. இரண்டிலும் சாலையைப் பார்க்கும் பொறுப்பு உங்களுடையது. மூன்றாம் நிலையில்தான், அதுவும் சில சூழ்நிலைகளில் மட்டும், பார்க்கும் பொறுப்பு காரிடம் போகிறது. இங்கே நாம் ஷோரூமில் வாங்குவது இரண்டாம் நிலை வரைதான்.

ஆகவே "லெவல் 2" என்பதைப் பரீட்சை மதிப்பெண் போலப் படிக்கக்கூடாது. விபத்து நடந்தால் யார் பார்த்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் எண் அது. ஸ்டீயரிங்கில் கை இருக்கிறதா என்று கார் அவ்வப்போது சோதிப்பதும் இதனால்தான். அதை ஏமாற்ற ஸ்டீயரிங்கில் தண்ணீர் பாட்டில் கட்டித் தொங்கவிடும் வித்தையை என்னிடம் ஒருவர் பெருமையாகக் காட்டினார். அவர் காரில் நான் ஏறுவதில்லை.

பொட்டு

அக்கா மகனிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அவனுக்கு இன்னொரு குறை மிச்சம் இருந்தது. சில நாள் காலையில் ஏசிசி போடவே முடிவதில்லை, முன்புற ரேடார் மறைக்கப்பட்டிருக்கிறது என்று திரையில் வருகிறது, கொஞ்ச நேரத்துக்குப் பிறகும் போவதில்லை. எந்த நாள் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, வெள்ளிக்கிழமை என்றான்.

இறங்கிப் போய்ப் பார்த்தோம். பம்பரின் நடுவே அந்தக் கறுப்புத் தகடு, வழவழவென்று, பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல இருந்தது. அதன்மேல் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்து, அது காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. வாரா வாரம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிய சந்தனம், தொட்டால் தோசைக்கல்லில் ஒட்டிய மாவுபோல உரிந்தது. பூஜையின்போது மாட்டிய பிளாஸ்டிக் மாலையின் ஒரு முனையும் தகட்டுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. சேறு, ஸ்டிக்கர், பிற்பாடு பூட்டுகிற இரும்புக் காப்புக் கம்பி, எது மறைத்தாலும் இதேதான் நடக்கும். முன் கண்ணாடியை மாற்றினாலோ பம்பரை எடுத்துப் பூட்டினாலோ கேமராவையும் ரேடாரையும் மறுபடி அளவு சரிபார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். கோணம் இம்மி பிசகினாலும் 100 மீட்டர் தள்ளி அது பக்கத்துத் தடத்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஈரத் துணியால் துடைத்தோம், மாலையைக் கழற்றினோம், எச்சரிக்கை மறைந்தது. அக்காவிடம் விஷயத்தைச் சொன்னபோது, "சாமிக்கு வைக்கிற பொட்டு இடைஞ்சலாகுமா?" என்று ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான்கு விரல் மேலே தள்ளி, பானெட்டின் விளிம்பில் வைக்கிறாள்.